பூட்டிய வீட்டில் பெருத்த பிள்ளைகள்: குற்றம் யாருடையது?

கொரோனா ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டோம். கடைகளில் போட்டிருந்த வட்டங்களும் அழிந்து போயின. இழந்த வியாபாரத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம். கடனைக் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் அந்த நாட்களில் நம் பிள்ளைகளின் உடம்பில் ஏறிய சுமையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பேசினாலும் எப்படிப் பேசுகிறோம்? "ஒரே தீனி. அவங்க உம்மா கொடுக்கிற செல்லம். குண்டாகாம என்ன செய்வான்?" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். பழியைத் தாயின் தலையிலும் பிள்ளையின் வயிற்றிலும் போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பு சரிதானா? உலகம் முழுவதும் ஒரே ஆண்டில் கோடிக்கணக்கான தாய்மார்கள் திடீரென்று செல்லம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களா? கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பேராசை பிடித்துவிட்டதா? கொஞ்சம் யோசித்தாலே இது பொருந்தாத பேச்சு என்பது விளங்கும்.

கணக்கு வைத்திருந்தவர்கள் சொல்வது

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளியில் சேரும் 4, 5 வயதுப் பிள்ளைகளையும், ஆரம்பப் பள்ளியை முடிக்கும் 10, 11 வயதுப் பிள்ளைகளையும் ஆண்டுதோறும் அரசே எடை போட்டு, உயரம் அளந்து, கணக்கை வெளியிடுகிறது. அதனால் ஊரடங்கு என்ன செய்தது என்பதை அங்கே யாரும் மூடி மறைக்க முடியவில்லை.

2019-20 பள்ளியாண்டில் அந்தச் சின்னப் பிள்ளைகளில் நூற்றுக்கு 9.9 பேர் உடல் பருமன் உடையவர்களாக இருந்தார்கள். அடுத்த ஆண்டு அது 14.4. பெரிய பிள்ளைகளில் 21 ஆக இருந்தது 25.5 ஆனது. ஒரே ஆண்டில்! சில பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல ஏறிவந்த வியாதி ஒரே பாய்ச்சலில் இவ்வளவு தூரம் தாண்டியது.

அதைவிட முக்கியமான செய்தி அந்தக் கணக்கின் உள்ளே இருக்கிறது. வசதியான பகுதிகளில் வாழும் சின்னப் பிள்ளைகளில் நூற்றுக்கு 7.8 பேர்தான் பருமன். மிக ஏழ்மையான பகுதிகளில் 20.3 பேர். 10, 11 வயதில் ஏழைப் பகுதியில் மூன்றில் ஒரு பிள்ளைக்கு மேல். தோட்டத்தோடு கூடிய வீட்டில் இருந்தவனுக்கும், எட்டாவது மாடியில் இரண்டு அறைக்குள் அடைபட்டுக் கிடந்தவனுக்கும் ஒரே சட்டம்தான் போட்டார்கள். ஆனால் அந்தச் சட்டம் இருவர் உடம்பிலும் ஒரே மாதிரி எழுதப்படவில்லை.

அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரையிலான 4,32,302 பேரின் எடையைத் தொடர்ந்து பார்த்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையின் அளவு கூடும் வேகம் கொரோனா காலத்தில் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. 2019 ஆகஸ்டில் 19.3 சதவீதமாக இருந்த பருமன் 2020 ஆகஸ்டில் 22.4 சதவீதம். எடை மட்டும் கூடியிருந்தால் சட்டையைப் பெரிதாகத் தைத்துக்கொள்ளலாம். அதே நாட்டில் 24 மருத்துவ மையங்களின் பதிவேடுகளைப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயோடு புதிதாக வந்த சிறுவர்களின் எண்ணிக்கை கொரோனாவின் முதல் ஆண்டில் 77 சதவீதம் கூடியிருந்தது. சர்க்கரை நோய் என்றால் என்னவென்று நம் வீடுகளுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தாவின் காலை எடுத்த கதையும் நன்னியின் கண் போன கதையும் இல்லாத தெரு நம்மிடையே எத்தனை? அந்த நோய் ஐம்பது வயதில் வருவது வேறு. பதினான்கு வயதில் வருவது வேறு.

வெரோனாவின் நாற்பத்தொரு பிள்ளைகள்

எப்படி நடந்தது இது? இத்தாலியில்தான் ஐரோப்பாவின் முதல் பெரிய ஊரடங்கு. அங்கே வெரோனா நகரத்தில், ஏற்கெனவே பருமன் உள்ள 41 பிள்ளைகளின் பழக்கங்களை மருத்துவர்கள் 2019ஆம் ஆண்டிலேயே விசாரித்து எழுதி வைத்திருந்தார்கள். ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் ஆனதும் அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்டார்கள்.

வாரத்துக்கு 2.3 மணி நேரம் விளையாட்டு குறைந்திருந்தது. தூக்கம் ஒரு நாளைக்கு அரைமணி நேரத்துக்கு மேல் கூடியிருந்தது. டிவி, செல்போன், கம்ப்யூட்டர் திரை முன்னால் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கூடியிருந்தது. படிப்புக்காகப் பார்த்தது இதில் சேராது! சிப்ஸ், இனிப்புப் பானம், இறைச்சி எல்லாம் கூடின. காய்கறி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றே வாரத்தில் இது. நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் எத்தனை வாரம் வீட்டில் இருந்தார்கள் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சரி, இது நோய்ப் பயத்தால் வந்ததா? இல்லை என்பதற்கு கொரோனாவுக்கு முன்பே சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் 18,170 பிள்ளைகளைப் பாலர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் பருமன் 8.9 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாக உயர்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த உயர்வு முழுவதும் இரண்டு கோடை விடுமுறைகளில்தான் நடந்தது. பள்ளி நடந்த மாதங்களில் கூடவே இல்லை.

இதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் பாடம் மட்டும் சொல்லித்தரவில்லை. காலையில் எழுப்புகிறது. நடக்க வைக்கிறது. மணி அடிக்கும் வரை வாயைக் கட்டுகிறது. இடைவேளையில் ஓட விடுகிறது. மத்தியானம் ஒரு வேளை, அதுவும் எல்லோரோடும் சேர்ந்து. இரவில் "காலையில ஸ்கூல் இருக்கு, படு" என்று சொல்ல வீட்டாருக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. ஆசிரியரும் சரி, பெற்றோரும் சரி, இதையெல்லாம் ஒரு வேலை என்று நினைத்துச் செய்ததில்லை. அதனால்தான் அது நின்றுபோனபோது எது நின்றது என்பதே நமக்குத் தெரியவில்லை.

நம் தெருவில்

நம் ஊர்களில் ஒரு பையனின் நாள் எப்படி இருந்தது? சுபுஹுக்குப் பிறகு மதரஸாவுக்கு ஓதப் போவான். நடந்துதான் போவான், போகும்போது நான்கு பேர் சேர்ந்துகொள்வார்கள். திரும்பி வந்து இட்லியோ கஞ்சியோ குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம். மாலையில் பை ஒரு பக்கம் பறக்கும், அவன் ஒரு பக்கம் பறப்பான். மக்ரிபுக்குப் பாங்கு சொல்கிறவரை தெருவில் கிரிக்கெட். மணிக்கூண்டைப் போல ஐந்து வேளைப் பாங்கும், பள்ளிக்கூட மணியும் அவன் நாளை அளந்து கொடுத்தன.

2020 மார்ச் நடுவில் பள்ளிக்கூடம் மூடியது. மதரஸா மூடியது. பள்ளிவாசல் கதவும் சாத்தப்பட்டது. அந்த ஆண்டு ரமலான் வந்ததும் வீட்டுக்குள்ளேயே. தராவீஹுக்குத் தகப்பன் கையைப் பிடித்து நடந்து போகும் இரவுகள்கூட இல்லாமல் போயின. நாளின் எல்லா முடிச்சுகளும் ஒரே வாரத்தில் அவிழ்ந்தன.

பிறகு நடந்தது நமக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது நம் வீட்டில்தான் நடந்தது. மளிகைக் கடைக்கு மட்டும் அனுமதி இருந்தது. வெளியே போக முடியாத பையன் கல்லாப்பெட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தலைக்கு மேலே சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட். கைக்கு எட்டும் இடத்தில் பிஸ்கட். பிரிட்ஜில் குளிர்பானம். நாமும் தடுக்கவில்லை, "பாவம், பிள்ளை எங்கே போகும்?" என்றோம். கடையில்லாத வீடுகளில் பொழுது போக யூடியூபைப் பார்த்து கேக், சமோசா, பரோட்டா என்று அடுப்பு அணையாமல் எரிந்தது. அடைபட்ட வீட்டில் சாப்பாடு ஒன்றுதான் சந்தோஷமாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதற்காகத் தாய்மாரைக் குறை சொல்கிறவர், அந்த நாட்களில் தானே எத்தனை தட்டு காலி செய்தார் என்பதையும் நினைத்துப் பார்க்கட்டும்.

பிறகு வந்தது ஆன்லைன் வகுப்பு. அதுவரை "போனைத் தொடாதே" என்று சொன்ன நாமே போனை வாங்கிக் கையில் கொடுத்தோம். ஒன்பது மணிக்கு வகுப்பு என்று திறந்த போன் இரவு பன்னிரண்டு வரை மூடவில்லை. வகுப்பு முடிந்த பிறகு என்ன பார்த்தான் என்று கேட்க வீட்டில் யாருக்கு நேரம்?

ஆனால் பெருத்தவர்கள் நம் வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள் என்றால், அதே தெருவின் கோடியில் இன்னொரு கதை. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை, கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை. அரசுப் பள்ளியில் படித்தால் வாரத்துக்கு ஐந்து முட்டையும் சூடான சாப்பாடும் அந்தப் பிள்ளைக்கு உறுதி. பள்ளி மூடியதும் அரிசியும் பருப்பும் உலர்பொருளாகக் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலையும் கூலியும் போன வீட்டில் அந்த அரிசி முழுக் குடும்பத்துக்கும் பானையில் போனது. தட்டில் சோறு இருந்தது. முட்டையும் காயும் போயின. ஒரே ஊரடங்கு ஒரு வீட்டுப் பிள்ளையைப் பெருக்க வைத்தது, இன்னொரு வீட்டுப் பிள்ளையை வற்ற வைத்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காவல்துறை சற்றுக் கண்ணயர்ந்த மாலைகளில் பையன்கள் மொட்டை மாடியில் பட்டம் விட்டார்கள், சந்துக்குள் பந்து போட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்குப் போய்வரும் நடை ஒன்றுதான் அவர்களுக்கு இருந்த ஒரே உடற்பயிற்சி. அது போனபோது எல்லாமே போனது. பள்ளி திறந்த பிறகு பையன் தெருவுக்குத் திரும்பினான். அவள் எங்கே திரும்பினாள்?

காஷ்மீர்ப் பிள்ளைகளையும் மறந்துவிட முடியாது. அவர்களுக்கு ஊரடங்கு 2020இல் தொடங்கவில்லை. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. 2020 பிப்ரவரியில் பள்ளி திறந்து சில வாரங்கள்தான், மீண்டும் பூட்டு. இந்தியா முழுவதும் பிள்ளைகள் வேகமான இணையத்தில் பாடம் கேட்டபோது, அங்கே 4ஜி திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில்.

எதை முதலில் திறந்தார்கள்?

ஊரடங்கே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. 2021 மே மாதத்தில், பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை எந்த மதம் என்று கேட்காமல் தூக்கிச் சென்று அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். அந்தக் கிருமி என்ன செய்யும் என்பதை அவர்கள் கைகளுக்குத் தெரியும். மூட வேண்டிய நேரத்தில் மூடத்தான் வேண்டும். நமது கேள்வி வேறு. திறக்கும்போது எதை முதலில் திறந்தீர்கள்?

தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் 2020 மே 7ஆம் தேதி திறக்கப்பட்டன. மூடி ஒன்றரை மாதம்கூட நிறையவில்லை. உயர்நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. அரசு உச்சநீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி வந்து மே 16இல் மறுபடியும் திறந்தது. என்ன அவசரம்! 2020 நவம்பர் 10 அன்று சினிமா தியேட்டர்கள் திறந்தன. 2021 மார்ச்சில் தேர்தல் கூட்டங்கள். தலைவர்கள் வந்தார்கள், லாரி லாரியாக மக்கள் வந்தார்கள். அதே மார்ச் 22ஆம் தேதி, கொஞ்ச நாள் முன்பு திறந்திருந்த உயர் வகுப்புகளையும் தொற்று பரவுகிறது என்று சொல்லி மூடினார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள் பள்ளி வாசலை மிதித்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாதங்களுக்குப் பிறகு! இடையில் ஆட்சி மாறியது. மது முந்தி, மழலை பிந்தி என்ற வரிசை மாறவில்லை.

வேறு வழியே இருக்கவில்லையா? டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று தன் ஊரடங்கைத் தளர்த்தத் தொடங்கியபோது முதலில் திறந்தது சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளைத்தான். கடைவீதியும் உணவகமும் பிறகுதான். ஸ்பெயின் இதற்கு நேர் எதிர். மார்ச் 14 முதல் ஏப்ரல் 26 வரை 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் காற்று வாங்கக்கூட வெளியே வரக்கூடாது என்றார்கள். நாயை நடக்கக் கூட்டிப்போக மட்டும் அனுமதி இருந்தது. பெற்றோர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்று இறங்கி வந்தார்கள். அங்கே பெற்றோர் கேட்டார்கள். இங்கே நாம் கேட்டோமா? டாஸ்மாக் திறந்ததைக் கண்டித்தோம், சரிதான். மைதானத்தையும் பள்ளியையும் திற என்று எத்தனை ஆர்ப்பாட்டம் நடந்தது?

திறந்த பிறகும் திரும்பாதவை

இங்கிலாந்துக் கணக்கை மறுபடியும் பார்க்க வேண்டும். பள்ளிகள் திறந்த அடுத்த ஆண்டே 4, 5 வயதுப் பிள்ளைகளின் பருமன் 14.4இலிருந்து 10.1க்கு இறங்கிவிட்டது. நாளுக்கு ஓர் ஒழுங்கு திரும்பியதும் உடம்பும் திரும்பியது. ஆனால் 10, 11 வயதுக்காரர்கள் 25.5இலிருந்து 23.4க்குத்தான் வந்தார்கள். 2022-23இல் 22.7. பழைய 21ஐ அவர்கள் எட்டவில்லை. சின்னவர்கள் புதிதாகப் பள்ளிக்கு வருகிறவர்கள்; அவர்களுக்குப் பழைய பழக்கம் என்று ஒன்றில்லை. பெரியவர்கள் ஊரடங்கில் பிடித்த பழக்கத்தை வளர்த்துக்கொண்டே பள்ளிக்குத் திரும்பியவர்கள். போன், பாக்கெட், நள்ளிரவுத் தூக்கம் இந்த மூன்றும் அவர்களோடு வந்தன.

இதற்கிடையில் பள்ளியை மூடுவது அதிகாரிகளுக்குக் கை வந்த வேலையாகிவிட்டது. 2023 செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோட்டில் பள்ளிகள் மூடின. 2024 நவம்பரில் டெல்லியில் காற்று கெட்டதற்கு ஆன்லைன் வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கலாம். பாடத்துக்கு மாற்று ஏற்பாடு செய்கிறார்கள்; பிள்ளையின் கால்களுக்கும் வயிற்றுக்கும் என்ன மாற்று என்று அந்த உத்தரவுகளில் ஒரு வரி இருக்க வேண்டாமா?

அரசைக் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

வியாபாரப் பெருமக்களே! பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி கொண்டுவந்துவிட்டது. நம் கடைகளில் எத்தனை பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதே ஐந்து ரூபாய்க்கு வேர்க்கடலை உருண்டையும், அவித்த சுண்டலும், வாழைப்பழமும் விற்க முடியாதா? அந்தப் பண்டங்களை முன்னால் தொங்கவிட்டு, பாக்கெட் சரத்தைப் பின்னால் தள்ளுங்கள். பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் கேட்கும்.

இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலை மைதானத்தில் இருக்கிறது. 5 வயது முதல் 17 வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு ஜிம் வேண்டாம், கோச் வேண்டாம். அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் ஒரு மணி நேரம், ஒரு காலி இடம், ஒரு பந்து. பெரும்பாலான ஊர்களில் ஜமாஅத்துக்குச் சொந்தமாக இடம் இருக்கிறது. கல்யாண மண்டபத்தின் பின்புறம், மதரஸா வளாகம் என்று பூட்டிக் கிடக்கிறது. சாவி நிர்வாகிகளிடம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் அந்த இடத்தைப் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி, பெண்களே பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். நிக்காஹ் விருந்துக்குப் பந்தலும் திரையும் கட்டத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமா?

இன்னொன்றும் செய்யலாம். சரக்கை எடை போட்டுப் போட்டுப் பழகிய சமுதாயம் நாம். பிள்ளையை எடை போட்டதில்லை. மதரஸாவில் ஓர் எடை எந்திரம், சுவரில் ஓர் உயர அளவு, ஒரு நோட்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு அளந்து எழுதுங்கள். மற்ற பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும்படி வரிசையில் நிறுத்தி எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள்; பருமனான பிள்ளை அடுத்த நாள் மதரஸாவுக்கே வராது. பெருத்த பிள்ளைக்கும் வற்றிய பிள்ளைக்கும் ஒரே நோட்டு போதும். அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, எந்தப் பிள்ளையை அழைத்து வர வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.